மின்கம்பமும் மரக்கிளையும்

காலை மணி 9. மின்விசிறி மெல்லச் சுழன்று நின்றுவிடுகிறது. “பராமரிப்புப் பணிக்காக இன்று பகல் 2 மணி வரை மின்சாரம் இராது” என்று முதல் நாளே செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். வாசலுக்கு வந்து பார்க்கிறீர்கள். தெருமுனையில் நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் ஒருவர் வேப்பமரத்தின் கிளைகளைக் கழிக்கிறார். சற்றுத் தள்ளி, நன்றாகத்தானே நிற்கிறது என்று தோன்றும் ஒரு பழைய கம்பத்தின் அருகில் புதிய கம்பத்துக்குக் குழி தோண்டுகிறார்கள்.

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ளது அண்ணனூர். மின்சார ரயில் பணிமனை உள்ள ஊர். சென்னையின் நடுப்பகுதியில் பெரும்பாலும் மின்சாரம் பூமிக்கடியில் கேபிள் வழியாகச் செல்கிறது. அண்ணனூர் போன்ற புறநகர்த் தெருக்களிலோ கம்பிகள் வெளியே, தலைக்கு மேலே ஓடுவதையே நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோம். வீட்டுக்கு வீடு வேம்பும் தென்னையும் முருங்கையும் நிற்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்தக் காட்சி இங்கே வழக்கமானது.

உங்களுக்கு இரண்டு கேள்விகள் எழலாம். நிழல் தரும் மரத்தை ஏன் வெட்ட வேண்டும்? விழாமல் நிற்கும் கம்பத்தை ஏன் மாற்ற வேண்டும்? இரண்டுக்கும் விடை காண 2016 டிசம்பர் 12-ஆம் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசியது. ஆயிரக்கணக்கான மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது காவிரிப் படுகை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்தன.

புயல் தள்ளியது; அவை விழுந்தன. உண்மைதான். ஆனால் அதே தெருவில் அதே காற்றில் பக்கத்துக் கம்பமும் பக்கத்து மரமும் நின்றனவே, அது எப்படி? விழப்போகும் கம்பத்தையும் மரத்தையும் புயல் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அடையாளம் காண முடியுமா? பார்ப்போம்.

கம்பத்தில் என்ன இருக்கிறது?

தெருக் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். நான்கு அல்லது ஐந்து கம்பிகள் தெரியும். அவற்றில் மூன்று மின்சாரத்தைக் கொண்டுவருபவை. அவற்றுள் எந்த இரண்டுக்கும் இடையே சுமார் 400 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். இன்னொன்று ‘நியூட்ரல்’ எனப்படும் நடுநிலைக் கம்பி. மூன்றில் ஒன்றுக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே இருப்பது 230 வோல்ட். இதுதான் உங்கள் வீட்டுக்குள் வருகிறது. ஐந்தாவது, தெருவிளக்குக்கானது. டிரான்ஸ்பார்மர் எனப்படும் மின்மாற்றிக்கு மேலே வந்து சேரும் கம்பிகளில் இருப்பதோ 11,000 வோல்ட். அண்ணனூர் ரயில் பாதையின் மேல் ஓடும் கம்பியில் 25,000 வோல்ட்.

இந்தக் கம்பிகள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. அலுமினியம் எடை குறைந்தது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் இழுத்தால் தாங்காது. எனவே நடுவில் ஓர் எஃகு இழையை வைத்து, அதைச் சுற்றி ஆறு அலுமினிய இழைகளை முறுக்கியிருப்பார்கள். இவற்றின் பருமனைக் குறிக்கப் பொறியாளர்கள் விலங்குகளின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். 2.11 மில்லிமீட்டர் இழைகள் கொண்டது ‘அணில்’, 3.35 மில்லிமீட்டர் இழைகள் கொண்டது ‘முயல்’!

இழுபறிப் போட்டி

நேரான தெருவில் நடுவில் நிற்கும் கம்பத்தை இருபுறமும் கம்பிகள் இழுக்கின்றன. இரண்டு இழுப்பும் ஏறத்தாழச் சமம். சமபலம் உள்ள இரு அணிகள் கயிறு இழுக்கும்போது நடுவில் கட்டிய கைக்குட்டை அசையாமல் நிற்பது போல, கம்பமும் நேராக நிற்கிறது. ஆனால் தெருக்கோடியில் உள்ள கம்பத்தை ஒரு பக்கம் மட்டுமே கம்பி இழுக்கிறது. திருப்பத்தில் உள்ள கம்பம் உட்பக்கமாக இழுக்கப்படுகிறது. அதனால்தான் அத்தகைய கம்பங்களுக்கு எதிர்ப்புறத்தில் சாய்வாக ஓர் இழுகம்பி கட்டித் தரையில் புதைக்கிறார்கள். இதை ‘ஸ்டே கம்பி’ என்பார்கள். அதில் மாட்டைக் கட்டுவதும், துணி உலர்த்தக் கொடி கட்டுவதும், ‘வழியை மறைக்கிறது’ என்று அதை அறுத்துவிடுவதும் எவ்வளவு தவறு என்று இப்போது புரிகிறதல்லவா?

கம்பத்தின் மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு. 9 மீட்டர் கம்பமானால் 1.5 மீட்டர் மண்ணுக்குள், 7.5 மீட்டர் வெளியே. இப்போது நெம்புகோல் பாடத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தரையிலிருந்து 7 மீட்டர் உயரத்தில், கம்பிகள் கட்டிய இடத்தில், 100 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பத்தின் பாதி உயரத்தில் அதன் திருப்புத்திறன் 100 × 3.5 = 350. தரைமட்டத்திலோ 100 × 7 = 700! ஆகவே கம்பம் எங்கே அதிகமாக வதைபடுகிறது? மண்ணைத் தொடும் இடத்தில்தான்.

காற்றின் கணக்கு இன்னும் வியப்பானது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள பலகையை மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று சுமார் 17 கிலோகிராம் விசையுடன் தள்ளும். 120 கிலோமீட்டர் காற்று தள்ளுவது சுமார் 68 கிலோகிராம். கம்பத்தில் விளம்பரப் பலகை கட்டக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கம்பத்தின் கால்

ஒரு சுண்ணக்கட்டியை விரல்களால் இரு முனையிலும் வைத்து அமுக்கிப் பாருங்கள். உடையாது. வளைத்துப் பாருங்கள். உடனே ஒடிந்துவிடும். காங்கிரீட்டும் இப்படித்தான். அமுக்கினால் தாங்கும், வளைத்தால், வெளிப்புறம் இழுபட்டு விரிசல் விடும். அப்படியானால் காங்கிரீட் கம்பம் காற்றில் வளையும்போது எப்படித் தாங்குகிறது?

பத்துப் பாடப்புத்தகங்களை வரிசையாக நிறுத்துங்கள். இரு கைகளாலும் இரு முனைகளிலிருந்தும் நன்றாக நெருக்கிப் பிடித்துத் தூக்குங்கள். நடுவில் எந்தப் பிடியும் இல்லாமலே எல்லாப் புத்தகங்களும் ஒரே உத்தரம் போல எழுந்து வரும்! பிடியைத் தளர்த்துங்கள், பொலபொலவென்று விழும். முன்கூட்டியே நெருக்கி வைத்ததுதான் அவற்றை ஒன்றாக்கியது. பிரான்சு நாட்டுப் பொறியாளர் யூஜீன் பிரெய்சினே 1928-இல் இதே கருத்தைக் காங்கிரீட்டில் கையாண்டு காப்புரிமை பெற்றார். எஃகுக் கம்பிகளைப் பலமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் காங்கிரீட்டை வார்க்கிறார்கள். காங்கிரீட் இறுகியதும் பிடியை விடுகிறார்கள். எஃகு சுருங்கப் பார்க்கிறது. அதனால் காங்கிரீட் எப்போதும் நெருக்கப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. இன்று நம் தெருக்களில் மிகுதியாகக் காணும் ‘பி.எஸ்.சி.’ கம்பங்கள் இவ்வாறு செய்யப்பட்டவை.

இந்தக் கம்பத்தின் உயிர் உள்ளே இருக்கும் எஃகு. புதுக் காங்கிரீட் காரத்தன்மை உடையது. அந்தக் காரம் எஃகைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு காங்கிரீட்டுக்குள் புகுந்து காரத்தைக் குறைக்கிறது. பிறகு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துருதான். துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து நெட்டித் தள்ளும். மேற்பூச்சு விரிசல் விட்டுப் பெயர்ந்து விழும். துருவேறிய கம்பி வெளியே தெரியும்.

ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் எது? மழைநீரும் சாக்கடை நீரும் தேங்கும் தரைமட்டம். பழைய இரும்புக் கம்பங்களும், தண்டவாளத் துண்டை நட்டுச் செய்த கம்பங்களும் அரிப்பது அங்கேதான். எந்த இடத்தில் விசை மிக அதிகமோ, அதே இடத்தில்தான் துருவும் மிக அதிகம்! மேலே நிமிர்ந்து நிற்கும் கம்பம் காலில் செத்துக்கொண்டிருக்கலாம். “நன்றாகத்தானே நிற்கிறது” என்று நாம் எண்ணிய கம்பத்தை மாற்றுவதன் காரணம் இதுவே.

கம்பி இறங்குகிறது, கிளை ஏறுகிறது

கம்பத்தை விட்டு இப்போது கம்பிக்கு வருவோம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி சற்றுத் தொய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இறுக்கி நேராகக் கட்டினால் குளிரில் சுருங்கி அறுந்துவிடும் அல்லது கம்பத்தை இழுத்துவிடும். ஆகவே வேண்டுமென்றே தொய்வு விடுகிறார்கள். ஆனால் கோடைவெயிலிலும், எல்லா வீடுகளிலும் குளிர்சாதனம் ஓடும் வேளையிலும் கம்பி சூடேறி நீள்கிறது. 50 மீட்டர் கம்பி 40 டிகிரி சூடேறினால் நீள்வது சுமார் 4 சென்டிமீட்டர்தான். “இவ்வளவுதானா?” என்பீர்கள். ஆனால் அரை மீட்டர் தொய்ந்திருந்த கம்பியில் இந்த 4 சென்டிமீட்டர் சேர்ந்தால் தொய்வு ஏறத்தாழ ஒரு மீட்டராகிவிடும் என்று வடிவியல் காட்டுகிறது. தொய்யும்போது இழுவிசை தளர்ந்து கம்பி சிறிது குறுகும் என்பதால் உண்மையில் இது ஓரளவு குறையும். ஆயினும் கம்பி கீழே இறங்குவது நிச்சயம்.

அதே காலத்தில் மரக்கிளை மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சந்திக்கும் நாள்தான் ஆபத்தான நாள். 2003 ஆகஸ்டு 14-ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சூடேறித் தொய்ந்த உயரழுத்தக் கம்பிகள் அடியில் வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டன. அதனால் அந்த வழித்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவற்றின் சுமை மற்ற வழித்தடங்களில் ஏற, அவையும் நின்றன. முடிவில் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி மக்கள் இருளில் மூழ்கினர். பெரிய நாடானாலும் சின்னத் தெருவானாலும் கிளையின் குணம் ஒன்றுதான்.

காய்ந்த மரம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. பச்சைக் கிளையில் உப்புகள் கரைந்த நீர் ஓடுகிறது. மழையில் நனைந்தால் இன்னும் நன்றாகக் கடத்தும். காற்றில் ஆடும் கிளை இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று மோதவிட்டால் தீப்பொறி பறக்கும். கம்பி உருகி அறும். மரமே கம்பியின்மேல் சாய்ந்தாலோ, கம்பி இருபுறக் கம்பங்களையும் ஒரு பக்கமாக இழுக்கும். கால் அரித்த கம்பம் முதலில் ஒடியும். அது ஒடிந்ததும் அடுத்த கம்பத்தில் இழுபறியின் சமநிலை போய்விடும். அதுவும் ஒடியும். வரிசையாகக் கம்பங்கள் விழுவது இப்படித்தான்.

எப்படி வெட்டுவது?

ஆகவே கிளையை வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டுவதிலும் ஓர் அறிவியல் இருக்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற அறிஞர் ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து ஓர் உண்மையைக் கண்டார். நம் தோலைப் போல மரம் தன் காயத்தை ஆற்றுவதில்லை. காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதைத் தனியே அடைத்துவிட்டு, மேலே புதிதாக வளர்கிறது.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போன்ற ஒரு புடைப்பு இருக்கும். அந்தச் சுவரை எழுப்பும் ஆற்றல் அங்கே இருக்கிறது. புடைப்பை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்டினால் காயம் விரைவில் மூடிக்கொள்ளும். தண்டோடு ஒட்டச் சீவினால் சுவர் எழாது. பூஞ்சை புகுந்து தண்டு உள்ளுக்குள் உளுத்துப்போகும். பெரிய கிளையை மூன்று வெட்டாக வெட்ட வேண்டும். முதலில், தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறம் சிறிது. பிறகு அதற்கும் வெளியே மேற்புறமிருந்து முழுவதும். கடைசியாக, எஞ்சிய குட்டைக் கிளையைப் புடைப்புக்கு வெளியே. முதல் வெட்டு இல்லாவிட்டால், விழும் கிளை தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போய்விடும்.

உச்சியை மொட்டையடிப்பதுதான் மிகப் பெரிய தவறு. வெட்டுமுனையிலிருந்து கற்றைகற்றையாகப் புதுக் கொம்புகள் கிளம்பும். இவை மரத்தின் ஆழத்திலிருந்து வந்தவை அல்ல, மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டவை. வேகமாக வளர்ந்து மீண்டும் கம்பியைத் தொடும். காற்றில் எளிதில் பிய்ந்து விழும். கம்பி இருக்கும் பக்கம் மட்டும் முழுவதும் கழித்துவிட்டால் மரம் மறுபக்கமாகப் பாரம் சாய்ந்து நிற்கும். ஆகவே, கம்பியை விட்டு விலகிச் செல்லும் ஒரு பக்கக்கிளை வரை மட்டும் வெட்டி, வளர்ச்சியை அந்தத் திசையில் திருப்பிவிட வேண்டும். ஓராண்டில் தழையில் கால்பங்குக்கு மேல் கழிக்கலாகாது.

“முருங்கையை ஒடித்துத்தானே வளர்க்கிறோம்?” என்று கேட்பீர்கள். முருங்கை விரைவில் துளிர்ப்பது, ஒடித்தால் காய்க்கும். அந்த முறை வேம்புக்கும் தூங்குமூஞ்சிக்கும் பொருந்தாது. தென்னையிலோ கழிப்பதற்குக் கிளையே இல்லை. அதன் ஒரே குருத்தை வெட்டினால் மரம் செத்துவிடும். ஆகவே கம்பிக்கு அடியில் தென்னை நடுவது, பத்தாண்டுக்குப் பின் அதைக் கொல்வதற்காக நடுவது போலாகும். அங்கே செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி, கொய்யா போன்றவற்றை நடலாம். வேம்பும் புங்கனும் கம்பியில்லாத பக்கத்தில் வளரட்டும்.

கம்பம் மாற்றும் நாள்

1957-இல் தோன்றிய தமிழ்நாடு மின்சார வாரியம் பல மாற்றங்களைக் கண்டது. 2024 முதல் வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் பணியைத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் செய்து வருகிறது. மக்கள் வாயில் அது என்றும் ‘ஈ.பி.’தான். அதன் ஊழியர்கள் கம்பத்தில் ஏறுமுன் செய்யும் முதல் வேலை, அந்த வழித்தடத்தை நிறுத்தி, அதற்கான உறுதியைப் பெறுவது. இரண்டாவது வேலை உங்களுக்கு விந்தையாகத் தோன்றும். மின்சாரம் இல்லாத அந்தக் கம்பிகளை ஒரு கோலால் தரையோடு இணைப்பார்கள்.

ஏன் இணைக்க வேண்டும்? யாரோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் 230 வோல்ட், வீட்டிலிருந்து தெருக்கம்பிக்கு வந்து, மின்மாற்றியை அடையும். மின்மாற்றி ஒருவழிப் பாதை அல்ல. 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தருவது போலவே, மறுபுறமாக வரும் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தவும் செய்யும்! “மின்சாரம் இல்லை” என்று நம்பிக் கம்பத்தின் மேல் நிற்பவரின் நிலை என்ன? உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தால், தெரு இணைப்பை முற்றிலும் துண்டிக்கும் மாற்றுச் சுவிட்ச் இருக்கிறதா என்று பெரியவர்களைக் கேளுங்கள். ஓர் உயிர் அதில் அடங்கியிருக்கிறது.

இதன்பின், பழைய கம்பத்தின் அருகிலேயே புதியதை நட்டு, மண்ணைக் கெட்டித்து, பீங்கான் காப்பான்களைப் பூட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். வீட்டிணைப்புகளையும் மாற்றிய பிறகே பழைய கம்பம் எடுக்கப்படும்.

விழுந்த கம்பி செத்ததா?

இவ்வளவு செய்தும் புயலில் ஒரு கம்பி அறுந்து தெருவில் விழுகிறது. “விழுந்தவுடன் ஃபியூஸ் போயிருக்கும், இனிப் பயமில்லை” என்று பலர் நினைக்கிறார்கள். ஓம் விதியால் கணக்கிட்டுப் பாருங்கள். விழுந்த கம்பிக்கும் தரைக்கும் இடையிலான மின்தடை 100 ஓம் என்று கொள்வோம். 230-ஐ 100-ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர். ஒரு வீட்டில் மிக்சி ஓடுவதற்கு ஆகும் மின்னோட்டம் இது! ஒரு தெருவுக்கே மின்சாரம் தரும் ஃபியூஸ் இதற்கு உருகுமா? உருகாது. கம்பி உயிரோடுதான் கிடக்கும்.

நனைந்த மனித உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம். 230 வோல்ட் செலுத்தும் மின்னோட்டம் 0.23 ஆம்பியர். உயிர்காக்க வீடுகளில் பொருத்தும் கசிவு மின்தடுப்பான் 0.03 ஆம்பியரிலேயே துண்டித்துவிடும் என்றால், 0.23 எவ்வளவு கொடியது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

கம்பியைத் தொடாவிட்டாலும் ஆபத்து உண்டு. தரையில் மின்னழுத்தம், கம்பியிலிருந்து விலக விலகக் குறைந்துகொண்டே போகும். ஒரு கால் கம்பிக்கு அருகிலும் மறு கால் தள்ளியும் இருந்தால், இரண்டு கால்களுக்கும் இடையே ஒரு மின்னழுத்தம் உண்டாகி உடலில் மின்சாரம் பாயும். மாட்டின் முன்கால்களும் பின்கால்களும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கின்றன. இடையில் இதயம் இருக்கிறது. மழைக்காலத்தில் அறுந்த கம்பியருகே மாடுகள் இறப்பதன் காரணம் இதுதான். எனவே, அறுந்த கம்பியிலிருந்து குறைந்தது பத்து மீட்டர் விலகி நில்லுங்கள். அறியாமல் அருகே போய்விட்டால் ஓடாதீர்கள். இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல், அரைப்பாதம் அரைப்பாதமாக நகர்ந்து வெளியேறுங்கள். பிறரையும் தடுத்து நிறுத்துங்கள். மின்னகம் என்ற 24 மணி நேரச் சேவைக்கு 94987 94987 என்ற எண்ணில் தெரிவியுங்கள். கழியால் கம்பியைத் தள்ளிவிடும் வீரச்செயல் வேண்டவே வேண்டாம்.

உங்கள் தெருவை அளக்கலாம்

வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு தாளும் பென்சிலுமாகப் புறப்படுங்கள். எதையும் தொடாமல், தள்ளி நின்று பார்த்தாலே போதும். உங்கள் தெருவின் படத்தை வரைந்து, கம்பங்களுக்கு எண் இடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள்:

1. கம்பம் சாய்ந்திருக்கிறதா? எந்தப் பக்கம்?
2. தரைமட்டத்தில் விரிசலோ, துருக்கறையோ, வெளியே தெரியும் எஃகோ உண்டா? காலடியில் தண்ணீர் தேங்குகிறதா?
3. கோடியிலும் திருப்பத்திலும் உள்ள கம்பங்களுக்கு இழுகம்பி இருக்கிறதா?
4. கம்பியை எட்டும் கிளைகள் எவை? அவை எந்த மரத்தினுடையவை?

இந்தப் படத்தை உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில், பெரியவர் ஒருவருடன் சென்று, செப்டம்பர் மாதத்திற்குள் கொடுங்கள். அக்டோபரில் மழை தொடங்கிவிடும்.

போகும் வழியில் இழுகம்பியை இன்னொரு முறை பாருங்கள். அதன் நடுவே முட்டை வடிவில் ஒரு பீங்கான் துண்டு கோத்திருக்கும். கம்பத்தைப் பிடித்திழுக்கும் கம்பிக்குப் பீங்கான் எதற்கு? மேலே ஒரு மின்கம்பி அறுந்து இழுகம்பியின்மேல் விழுந்தால், கீழே நிற்கும் உங்களுக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.